நண்பர்கள் முன்னிலையில்

சட்டக் கல்லூரி மாணவர்கள் என்றதும் நம் ஊரில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 2008 நவம்பர் 12. சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்கள் அடித்துக்கொண்டதும், காவல்துறை கைகட்டி வேடிக்கை பார்த்ததும் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடின. தேவர் ஜெயந்திக்கு அச்சடித்த சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து 'அம்பேத்கர்' விடப்பட்டிருந்தது. அங்கிருந்துதான் பிரச்சினை முற்றியது. அடிதடிக் காட்சி எல்லோர் மனதிலும் தங்கிவிட்டது. அந்தப் பெயர் ஏன் சிலருக்கு உறுத்தியது என்ற கேள்வி மட்டும் தங்கவில்லை.

அரசு கண்ட தீர்வு என்ன? நீதிபதி சண்முகம் ஆணையம் கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. 1891-இல் தொடங்கப்பட்டு, உயர்நீதிமன்றத்தை ஒட்டியே இயங்கிவந்த கல்லூரி, மாணவர் போராட்டத்தையும் மீறி 2018-இல் காலி செய்யப்பட்டது. ஒரு பகுதி கேளம்பாக்கம் அருகே புதுப்பாக்கத்துக்கும், இன்னொரு பகுதி திருவள்ளூர் பக்கம் பட்டறைப்பெரும்புதூருக்கும் போனது. மாணவர்களுக்கு இடையே இருந்த சாதியை ஒழிக்க முடியாதவர்கள், மாணவர்களை ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். சேரியை ஊருக்கு வெளியே வைத்தே பழகிய சமூகத்துக்கு இது புதிய யோசனை அல்ல.

இதில் இழப்பு யாருக்கு? அப்பா, மாமா, தாத்தா என்று மூன்று தலைமுறை வக்கீல்கள் உள்ள வீட்டுப் பிள்ளை எங்கே படித்தாலும் அவனுக்கு ஒரு சேம்பர் காத்திருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தக் கல்லூரியின் இடம்தான் சொத்து. வகுப்பு முடிந்ததும் பக்கத்திலேயே நீதிமன்றம். வாதம் கேட்கலாம், சீனியர்களின் கண்ணில் படலாம், மாலையில் யாராவது ஒருவரின் அலுவலகத்தில் கட்டு தூக்கலாம். புதுப்பாக்கத்திலிருந்து உயர்நீதிமன்றம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பேருந்திலேயே பொழுது போய்விடும்.

படித்து முடித்த பிறகும் லட்சியத்துக்கு விலை உண்டு. பதிவுக் கட்டணம் என்று பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. சட்டப்படி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30-இல்தான் கண்டிப்பாகச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்றது. பார் கவுன்சில் சுற்றறிக்கையும் வந்தது. தோழர்களே, உங்களில் எத்தனை பேருக்கு அந்தத் தொகை கைக்கு வருகிறது? மாதம் பிறந்ததும் வாடகைக்கு ஊரிலிருந்து அம்மா பணம் அனுப்பும்வரை, இந்தத் தொழில் வசதி உள்ளவர்களின் தொழிலாகவே இருக்கும். மேலே போகப் போக இதன் விளைவு எண்ணிக்கையாகவே தெரிகிறது. 2018 முதல் 2023 ஜூலை வரை நியமிக்கப்பட்ட 604 உயர்நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 18 பேர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

செங்கல்பட்டு மண்ணில் சட்டம் படிப்பது வெறும் பிழைப்புக்காக இல்லை. இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த ஆட்சியர் திரமென்ஹீரின் 1891-ஆம் ஆண்டு அறிக்கை செங்கல்பட்டுப் பறையர்களின் நிலையைப் பற்றியது. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில், பத்திரம் படிக்கத் தெரிந்த நம் பிள்ளை ஒருவர் ஊரில் இருப்பது பெரிய பலம்.

இனி காதலுக்கு வருவோம். 'படிக்க வந்த இடத்தில் காதல் எதற்கு' என்று நம் வீட்டுப் பெரியவர்களும் கேட்கிறார்கள், சில இயக்கத் தலைவர்களும் கேட்கிறார்கள். ஒன்றாகப் படித்து, ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, விடுமுறை நாளில் மாமல்லபுரத்துப் பாறை நிழலில் உட்கார்ந்து பேசும் இருவர் காதலிப்பதில் என்ன குற்றம்? பயம் காதலில் இல்லை, அதற்குப் பின்னால் வரும் அரிவாளில் இருக்கிறது. சென்னையில் ஐ.டி. வேலை பார்த்த கவின், 2025 ஜூலை 27-இல் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். படிப்பும் சம்பளமும் சாதியை மறக்கடித்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அது பதில். ஆணவக் கொலைக்கு எதிரான சட்டம் குறித்துப் பரிந்துரைக்க நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது அந்த அக்டோபரில்தான்.

சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணம் முடிக்க 30 நாள் அறிவிப்பு வேண்டும். அது அலுவலகச் சுவரில் எல்லோர் பார்வைக்கும் ஒட்டப்படும். தேடி வருபவனுக்கு அதுவே முகவரிச் சீட்டு. இருவரும் இந்து என்ற சட்ட வரையறைக்குள் இருந்தால், தமிழ்நாட்டில் இன்னொரு வழி உண்டு. அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவு 7-ஏ. புரோகிதர் வேண்டாம். உறவினர், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும்.

வக்கீல் அலுவலகத்தில் ரகசியமாக நடப்பது திருமணம் ஆகாது என்று 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் இடையில் மணம் செய்பவர்களிடம் ஊரறியச் செய் என்பது அவர்கள் உயிரோடு விளையாடுவது. வழக்கறிஞர் தன் தொழில் தகுதியில் இல்லாமல், நண்பராகவோ உறவினராகவோ சமூகச் செயல்பாட்டாளராகவோ அந்தத் திருமணத்தில் நிற்கலாம் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அந்த 'நண்பர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பெற்றவர்களே எதிரியாக நிற்கும் நாளில் சட்டம் நம்பி நிற்பது நண்பரை. அதனால் ஆதிக்க சாதியில் பிறந்த நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 'நான் சாதி பார்ப்பதில்லை' என்று டீக்கடையில் சொல்வது எளிது. உங்கள் சாதிப் பெண்ணை உங்கள் தலித் நண்பன் மணக்கும்போது, சாட்சிக் கையெழுத்துப் போட வருவீர்களா? உங்கள் சித்தப்பா கேட்டால், அவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் இருப்பீர்களா? உங்கள் சீனியரிடம் ஒரு ஜூனியர் இடம் காலியானால், அவனுக்காக வாய் திறப்பீர்களா?

நம் பக்கமும் கேள்வி உண்டு. மேடையில் சாதி மறுப்புத் திருமணம் பேசிவிட்டு, நம் தங்கை இன்னொரு பட்டியல் சாதிப் பையனைக் காதலித்தால் முகம் சுளிக்கிறோமே, அது யாருடைய சாதி?

புதுப்பாக்கத்திலும் செங்கல்பட்டு சட்டக் கல்லூரியிலும் படிக்கும் தோழர்கள் இதை இன்றே தொடங்கலாம். வாடகையைப் பகிர்ந்து உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுங்கள். எந்த சீனியர் உதவித்தொகை தருகிறார், யார் தருவதில்லை என்று உங்களுக்குள் ஒரு பட்டியல் வையுங்கள். நள்ளிரவில் ஒரு ஜோடி கதவைத் தட்டினால் சாட்சிக்கு வரக்கூடியவர்களின் எண்களைச் சேர்த்து வையுங்கள். அந்த எண்களில் பெண் வழக்கறிஞர்களும் இருக்கட்டும், பிற சாதித் தோழர்களும் இருக்கட்டும்.

ஜெய்பீம்.