நிமிரட்டும் முதுகுகள்



தேய்ந்துபோன முதுகுத்தண்டு ஜவ்வை மீண்டும் வளரச் செய்யும் மருத்துவம் பற்றிய செய்திகள் அண்மைக் காலமாக நம்மிடையே வலம் வருகின்றன. ஒரே ஊசியில் குணமாகும் என்ற விளம்பரங்களும் கூடவே வருகின்றன. கல் குவாரியிலும் வயலிலும் குனிந்தே உழைக்கும் மக்கள் நிறைந்த புதுக்கோட்டை மாவட்டத்தில் இது பல குடும்பங்களின் ஏக்கத்தைத் தொடும் செய்தி. எனவே விசுவாசத்தின் ஒளியில் இதைச் சற்றே சிந்திப்போம்.

நம் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல 23 ஜவ்வுத் தட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றின் நடுவிலும் நீர் நிறைந்த கூழ் போன்ற பகுதி. அதைச் சுற்றி உறுதியான நார் வளையம். வயதாலும் பாரத்தாலும் கூழ் வறண்டு தட்டு தேய்கிறது. வளையம் கிழிந்து கூழ் பிதுங்கினால் நரம்பு அழுத்தப்படுகிறது. இதையே 'ஜவ்வு விலகிவிட்டது' என்கிறோம். வழக்கமான அறுவைச் சிகிச்சைகள் பிதுங்கியதை அகற்றும், எலும்புகளை இணைக்கும், அல்லது செயற்கைத் தட்டைப் பொருத்தும். புதிய முயற்சி வேறு வகையானது. கொலாஜன், ஹயலூரானிக் அமிலம் போன்று உடல் ஏற்கும் பொருள்களால் ஆன கூழ்மத்தை, சில வேளைகளில் உயிரணுக்களோடு சேர்த்து, தட்டினுள் செலுத்தி, அது தன்னையே புதுப்பித்துக்கொள்ள உதவுவதே அதன் நோக்கம். மனிதரிடமும் சோதனைகள் நடந்துள்ளன. ஆயினும் இது இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது.

ஏன் இந்தத் தாமதம்? விடையின் ஒரு பகுதி தமிழகத்திலிருந்தே வந்தது. வளர்ந்தவர்களின் தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லை. மேலும் கீழும் உள்ள மெல்லிய தகடுகள் வழியாகவே ஊட்டம் கசிந்து செல்கிறது. கோவை கங்கா மருத்துவமனையின் மருத்துவர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் இரத்தத்தில் சாயம் செலுத்தி, எம்.ஆர்.ஐ. படங்களைத் தொடர்ந்து எடுத்து, இந்தக் கசிவு அத்தகடுகளின் நலத்தைச் சார்ந்தது என்று 2004இல் வெளியான ஆய்வில் காட்டினர். அந்த வழி கெட்டுவிட்டால் உள்ளே வைக்கும் புது உயிரணுக்களும் பட்டினி கிடக்கும். மடை அடைபட்ட வயலில் நாற்று நட்டு என்ன பயன்?

திருச்சபை இத்தகைய ஆய்வுகளுக்கு எதிரி அல்ல. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008இல் வெளியிட்ட 'மனித ஆளின் மாண்பு' என்னும் அறிவுரை, வளர்ந்தவரிடமிருந்து பெருந்தீங்கின்றி எடுக்கப்படும் ஸ்டெம் செல்களை ஏற்கிறது. கருவை அழித்து எடுப்பதை மறுக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட நோய்களைத் தவிர, ஸ்டெம் செல்களை முறையான ஆய்வுக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளில் கூறியுள்ளது. நகையை அடகு வைத்து இத்தகைய ஊசிக்குப் புறப்படும் முன், அந்த உயிரணு எங்கிருந்து வருகிறது, இது ஆய்வா சிகிச்சையா என்று கேட்பது நம் உரிமை.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், பதினெட்டு ஆண்டுகள் நிமிர முடியாமல் இருந்த ஒரு பெண்ணைக் காண்கிறோம். அவர் எதுவும் கேட்கவில்லை. இயேசுவே அவரைக் கண்டார், அழைத்தார், நிமிர்த்தினார். ஓய்வுநாளில் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுபவர்கள், ஆபிரகாமின் மகளுக்கு விடுதலை கிடைத்ததைக் குறைகூறியதை அவர் கண்டித்தார்.

இன்று நம் பங்குகளில் குனிந்து நிற்பவர்களை நாம் காண்கிறோமா? ஜவ்வு விலகிய வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கத்தியின்றியே தணிகிறது. அதற்குப் பாரம் தூக்காத நாள்களும் உரிய பயிற்சியும் வேண்டும். கல் உடைக்கும் சகோதரிக்கு அந்த நாள்கள்தான் கிடைப்பதில்லை. ஒருநாள் ஓய்வு என்பது ஒருநாள் கூலி இழப்பு. இதுவே அவருடைய அடைபட்ட மடை. நாளை எவ்வளவு உயர்ந்த மருத்துவம் வந்தாலும், மறுநாளே அதே பாரத்தைச் சுமக்க நேர்ந்தால் அது நிலைக்குமா?

அந்த மடையைத் திறக்க நம்மால் இயலும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசெல்லும் திட்டம். அறியாதவருக்கு அதை எடுத்துச் சொல்வோம். கால் மரத்துத் தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். வலியால் வேலைக்குச் செல்ல முடியாத குடும்பத்தின் அடுப்பு எரிய அன்பியங்கள் பொறுப்பேற்கட்டும். கூனியவரைத் தேடிக் கண்ட ஆண்டவர், அவரது பார்வையை நமக்கும் தருவாராக!