அச்சப்படுவது ஈமானின் பலவீனமா?

நீலகிரியில் வாழ்வோருக்கு அச்சம் புதியதன்று. 2009 நவம்பர் மழையில் நிகழ்ந்த மண்சரிவுகள் இம்மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயின. 2014 ஜனவரியில் தொட்டபெட்டாவைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு புலி மூவரைக் கொன்றது. அது சுட்டு வீழ்த்தப்படும் வரை பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே தேயிலைத் தோட்டமொன்றில் மூன்று வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதே ஆண்டு ஜூலை 30 அதிகாலையில் எல்லைக்கு அப்பால் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் புதைந்தன. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் உள்ள நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே உறவும் நட்பும் உண்டு.

இத்தனையும் நடந்த மண்ணில், இரவு மழை வலுக்கும்போது ஒரு தாய் உறக்கமின்றி எழுந்து உட்கார்ந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "ஈமான் உள்ளவளுக்கு எதற்குப் பயம்?" என்கிறோம். யானை நடமாடும் தோட்டப் பாதையில் சுப்ஹுத் தொழுகைக்கு வரத் தயங்கும் பெரியவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். இருட்டில் மக்தபுக்கு வர அழும் சிறுவனிடம், "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று கேட்கிறோம். பயப்படுகிறவரின் பயம் இதனால் போய்விடுவதில்லை. தம் ஈமானில் குறை இருக்கிறதோ என்ற இன்னொரு பயம்தான் அவருக்குக் கூடுகிறது. இந்தப் பேச்சு மார்க்கத்தின் பேச்சன்று என்பது என் உறுதியான கருத்து.

திருக்குர்ஆனில் மிக அதிகமாகப் பெயர் சொல்லப்படும் நபி மூஸா (அலை) அவர்கள். அவர்கள் பயந்ததையும் அல்லாஹ் மறைக்காமல் பல இடங்களில் கூறுகிறான். பள்ளத்தாக்கில் தம் கைத்தடி பாம்பாக நெளிந்தபோது திரும்பிப் பாராமல் ஓடினார்கள். அதற்காக அவர்களுடைய தூதுத்துவம் பறிக்கப்படவில்லை. அஞ்சாமல் முன்னே வரும்படி அழைக்கப்பட்டார்கள். எதைக் கண்டு ஓடினார்களோ அதையே கையால் பிடிக்கும்படி கட்டளையிடப்பட்டார்கள். பிடித்தார்கள், அது மீண்டும் தடியாயிற்று.

இந்த வரிசையைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். ஃபிர்அவ்னின் அரசவையில்தான் அந்தத் தடி எல்லோர் முன்னும் பாம்பாக வேண்டியிருந்தது. ஆனால் அதைப் பிடிக்கும் பயிற்சி அங்கே தொடங்கவில்லை; பார்க்கவும் சிரிக்கவும் ஒருவருமில்லாத இடத்தில், இரக்கமுள்ள இறைவனின் முன்னிலையில் நடந்தது. அதன் பிறகும் மூஸா (அலை) அவர்களின் அச்சம் ஒரேயடியாக நீங்கிவிடவில்லை. தம்மைக் கொன்றுவிடுவார்களோ என்று அஞ்சுவதாக இறைவனிடமே முறையிட்டார்கள். நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு வேண்டினார்கள், நாவன்மை மிக்க சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். துணை கொடுக்கப்பட்டது. சூனியக்காரர்களின் கயிறுகள் நெளிந்தபோதும் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுந்ததாகத் தாஹா அத்தியாயம் கூறுகிறது. கடைசியில் கடல் முன்னே, படை பின்னே என்று நின்ற வேளையில் கூட்டத்தார் எல்லோரும் கலங்கினர். மூஸா (அலை) மட்டும் தம் இறைவன் தம்முடன் இருக்கிறான், வழி காட்டுவான் என்று உறுதியாகக் கூறினார்கள். பாம்பைக் கண்டு ஓடியவரும் கடல் முன் நின்றவரும் ஒருவரே. இடையில் ஆண்டுகள் இருந்தன, துணை இருந்தது, துஆ இருந்தது.

மதரஸாவில் இதை நான் நாள்தோறும் காண்கிறேன். தனியே அழகாக ஓதும் பிள்ளைக்கு, மீலாது மேடையில் ஓதச் சொன்னால் நா எழுவதில்லை. அதட்டினால் தெரிந்த ஸூராவும் மறந்துபோகிறது. நண்பனை அருகில் நிறுத்தி இருவரையும் சேர்ந்து ஓத வைத்தால் குரல் வருகிறது. சில வாரங்களில் நண்பன் இரண்டடி தள்ளி நிற்கிறான், பிறகு கீழே போய் உட்கார்ந்துகொள்கிறான். வங்கிக்குத் தனியே போக அஞ்சும் சகோதரிக்கும் வழி ஏறக்குறைய இதுவே. முதல்முறை கூடப் போங்கள். இரண்டாம் முறை வாசலில் நில்லுங்கள். "இதுகூடத் தெரியாதா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஹிரா குகையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் நடுங்கியவாறு வீடு வந்து போர்த்திவிடச் சொன்னபோது, கதீஜா (ரலி) அவர்கள் முதலில் போர்த்திவிட்டார்கள். நடுக்கம் தணிந்த பின்னரே, உறவினரை ஆதரிப்பவர், ஏழைகளுக்கு உதவுபவர் என்று அவர்களின் நற்குணங்களை எடுத்துக் கூறித் தேற்றினார்கள். நம் இல்லங்களில் போர்வைக்கு முன்பே அறிவுரை வந்துவிடுகிறது.

மதீனாவில் ஓர் இரவு பெரும் சத்தம் கேட்டு மக்கள் அஞ்சியபோது, நபி (ஸல்) அவர்கள் சேணமில்லாக் குதிரையில் எல்லோருக்கும் முன்பாகச் சத்தம் வந்த திசைக்குச் சென்று பார்த்துத் திரும்பி, பயப்பட ஏதுமில்லை என்று ஆறுதல் கூறினார்கள். இதைக் கேட்ட உற்சாகத்தில் எவரும் இரவில் டார்ச் லைட்டுடன் யானையைத் தேடிப் புறப்பட்டுவிட வேண்டாம்! பயத்துக்குக் காரணம் உண்மையில் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது வேறு, இருக்கிறது என்று தெரிந்தும் அதன் எதிரில் போய் நிற்பது வேறு.

இங்கேதான் தவக்குல் என்ற சொல்லை நாம் பிழையாகக் கையாளுகிறோம். மழைக்காலத்தில் முகாமுக்கு வருமாறு அதிகாரிகள் அழைக்கும்போது, "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சரிவிலேயே இருந்துவிடுவோர் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு கூறியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கிச் செல்வதாகவே விளக்கினார்கள்.

உண்மையில், வீட்டை விட்டு வர மறுப்பவரின் உள்ளத்திலும் பெரும்பாலும் இருப்பது ஓர் அச்சமே. பட்டா இல்லாத இடம். விட்டுப் போனால் திரும்பக் கிடைக்குமா? ஆட்டையும் மாட்டையும் யார் பார்ப்பார்? முகாமில் வயதுக்கு வந்த மகளை எங்கே உறங்க வைப்பது? இவை நியாயமான கேள்விகள். தவக்குல் என்ற சொல்லால் மூடிவிட்டால் இவற்றுக்கு யாரும் பதில் தேடப் போவதில்லை. வெளிப்படையாகச் சொன்னால் மஹல்லா ஜமாஅத்தாவது தேடும்.

ஜமாஅத்துகள் செய்யக் கூடியவை பெரிய காரியங்களல்ல. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மதரஸாக் கூடத்தில் பெண்களுக்கென ஒரு பகுதியைத் தடுத்துவைத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்பதைச் சரிவில் உள்ள வீடுகளுக்குச் சொல்லிவிடலாம். யானை இறங்கும் மாதங்களில் மஃரிபுக்குப் பிந்திய மக்தபை அஸருக்கு மாற்றலாம். சுப்ஹுக்கு வரும் முதியவர்களை வழியில் ஏற்றிக்கொள்ள, ஜீப் வைத்திருக்கும் சகோதரர்கள் முறை போட்டுக்கொள்ளலாம். ஜும்ஆ முடிந்து கலையுமுன் இதைப் பேச எவ்வளவு நேரம் ஆகிவிடும்?