வேலி போகட்டும்; முடக்கத்தான் போகலாமா?

கிராமத்து வேலிகளில் கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்கும் கொடி ஒன்று உண்டு. அதன் பெயர் முடக்கத்தான்.

"முடக்கு அறுத்தான்" என்பதே முடக்கத்தான் ஆயிற்று என்பார்கள். கை, கால் முடக்கத்தை அறுப்பது என்று பொருள். மூட்டு வலிக்காரர்கள் இந்தக் கீரையைச் சாப்பிடுவது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம்.

இப்போது முள்வேலி இருந்த இடத்தில் மதில் சுவர் எழுந்துவிட்டது. மதில் கட்டுவது தவறு அல்ல. ஆனால் வேலியோடு கொடியும் போய்விட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், கொடியை அடையாளம் தெரிந்தவர்கள் குறைந்து வருவது. பாட்டிக்கு நன்றாகத் தெரியும். தாய்க்குப் பாதி தெரியும். மகளோ களை என்று பிடுங்கி எறிகிறாள். பிறகு அதையே கடையில் காசு கொடுத்துப் பொடியாக வாங்குகிறாள்!

விதையில் இருதயம்

அடையாளம் காண்பது எளிது. இலை மெல்லியது, ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். பூ சிறியது, வெள்ளை நிறம். காய், காற்றடைத்த பலூன் போல உப்பியிருக்கும். சிறுவர்கள் நெற்றியில் அடித்தால் "பட்" என்று வெடிக்கும். உள்ளே கறுப்பு விதைகள். ஒவ்வொரு விதையிலும் இருதய வடிவில் ஒரு வெள்ளைப் புள்ளி! விஞ்ஞானிகள் வைத்த "கார்டியோஸ்பெர்மம்" என்ற பெயருக்கும் "இருதய விதை" என்றுதான் அர்த்தம்.

ஒரு தொட்டி போதும்

பழுப்பாக முற்றிய காயிலிருந்து விதை எடுத்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து ஊன்ற வேண்டும். வெயில் படும் இடத்தில் ஒரு மண் தொட்டி போதும். நாலு குச்சி நட்டால் தானே பற்றி ஏறும். ஒன்று கவனம்: காய்களை உதிர விட்டால் எங்கும் முளைக்கும். அமெரிக்காவில் சோயா வயல்களில் இது தொல்லை தரும் களை.

தோசை சுடலாம்

இந்தக் கீரை சற்றுக் கசக்கும். அதனால்தான் பெரியவர்கள் தோசையாக்கினார்கள். இரண்டு ஆழாக்குப் புழுங்கலரிசியையும் ஒரு கரண்டி வெந்தயத்தையும் ஊறவைத்து, இரண்டு கைப்பிடி இலை சேர்த்து அரைக்க வேண்டும். உப்புப் போட்டு இரவு புளிக்க விட்டால் காலையில் பச்சை நிறத் தோசை தயார். கசப்பு அவ்வளவாகத் தெரியாது.

கீரை வைத்தியர் ஆகாது

ஆனால் கீரை கீரைதான். மூட்டு வீங்கிச் சிவந்தால், காய்ச்சலோடு வலித்தால், டாக்டரிடம்தான் போக வேண்டும். தோசையை நம்பி மருந்தை நிறுத்தலாகாது. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. சாக்கடை ஓரத்துக் கொடியைப் பறிக்கவும் வேண்டாம்.

பள்ளித் தோட்டம்தோறும் இந்தக் கொடி படர வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளை அழைத்து, "இதுதான் முடக்கத்தான்" என்று காட்ட வேண்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. காட்டாமல் விட்டால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் களைதான்!