வாட்ச்சைக் கழற்றிவிட்டுத்தான் வயலில் இறங்கணுமா?

இயற்கை விவசாயம் பழக வரும் இளைஞர்களைப் பற்றி நம் கூட்டங்களில் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் எங்கள் பகுதிக் கூட்டத்திலும் கேட்டேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, கோபிக்குப் பக்கத்தில் இருக்கும் பூர்வீக நிலத்தில் பாரம்பரிய நெல் நட வந்திருக்கிறார் ஒரு தம்பி. அன்றைக்கு ஜீவாமிர்தம் தயாரிக்கும் பயிற்சி. தம்பி கையில் சுவிட்சர்லாந்து வாட்ச். அதைக் கழற்றாமலேயே சாணத்தைக் கையால் கரைத்தார். பின்வரிசையில் இருந்த ஒருவர், "எட்டு லட்ச ரூபா வாட்ச்சைக் கட்டிக்கிட்டுச் சாணி கரைக்க வந்துட்டாருங்க" என்றார். "ஆறு மாசம் தாங்குவாருங்களா?" என்று கேட்டார் இன்னொருவர். இருவரும் நல்ல விவசாயிகள், என் நண்பர்கள். ஆனால் அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை.

எளிமை நம் இயக்கத்துக்குப் பெருமைதான். நம்மாழ்வார் ஐயா சட்டை போடுவதையே விட்டவர். ஆனால் அது அவர் தனக்காக எடுத்த முடிவு. அடுத்தவர் மணிக்கட்டைப் பார்த்து ஆள் எப்படி என்று எடை போடுவது எளிமை ஆகாது. வங்கியில் முப்பது வருடத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தவன் நான். கிழிந்த வேட்டியோடு வந்து பெரிய தொகை டெபாசிட் போட்டவரையும் பார்த்திருக்கிறேன், கோட்டு சூட்டோடு வந்து வாராக்கடன் ஆனவரையும் பார்த்திருக்கிறேன். உடுப்பும் வாட்ச்சும் ஒரு தகவலும் தராது.

முதலில் ஒரு விஷயம். கைக்கடிகாரம் என்கிற பொருளே கரடுமுரடான வேலைக்காக மணிக்கட்டுக்கு வந்ததுதான். அதற்கு முன் ஆண்கள் சங்கிலி போட்டுப் பாக்கெட்டில் வைத்திருந்தார்கள். முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்க்கு, துப்பாக்கியைப் பிடித்த கையை எடுத்துப் பாக்கெட்டில் விட முடியவில்லை. அதனால் கையிலேயே கட்டிக்கொண்டான். தண்ணீரும் தூசியும் புகாத 'ஆய்ஸ்டர்' கூட்டை ரோலெக்ஸ் கொண்டுவந்தது 1926இல். மறு வருடம் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் நீந்தினார். குளிர் தாங்காமல் கடைசியில் அவரைப் படகில் தூக்க வேண்டியிருந்தது. வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 1931இல் வந்த 'ரிவர்ஸோ' நம் நாட்டோடு தொடர்புள்ளது. இங்கே போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடிகள் ஆட்டத்தில் உடைந்துகொண்டே இருந்ததால், முகப்பை உள்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். இன்று காட்சிப்பொருளாக இருக்கும் 'சப்மரைனர்' 1953இல் முக்குளிப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. பிரிட்டிஷ் கடற்படை தன் முக்குளிப்பாளர்களுக்கு அதை வேலைச் சாமானாகவே கொடுத்தது, நாம் ஆளுக்கு மண்வெட்டி கொடுக்கிற மாதிரி.

இது நகையானது பிறகுதான். 1969 கடைசியில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் குவார்ட்ஸே ஒரு சின்னக் கார் விலை. ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் அந்தத் தொழில்நுட்பம் அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டது. சரியான நேரம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆனபின், சாவி கொடுக்கும் கடிகாரம் செய்தவர்கள் பிழைக்க ஒரே வழி, அதை அந்தஸ்தாக விற்பது. ஆகவே "இதைப்போய் சேத்தில் போடலாமா" என்று யாராவது கேட்டால், சேற்றுக்குச் செய்ததை நகைப்பெட்டிக்குள் வைத்தது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

நம் ஊரிலும் இந்தக் கதை உண்டு. எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. வாட்ச் போடுவது என்றால் அந்தக் காலத்தில் பெரிய சங்கதி. எங்கய்யன் கையில் இருந்தது 'ஜனதா'. 17 கல், தினமும் காலையில் சாவி கொடுக்கணும். அவருக்கு அதுதான் ஆடம்பர வாட்ச், அதுக்கு மேல் ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தெரியாது. அதைக் கட்டிக்கொண்டுதான் ஏர் பிடித்தார், மஞ்சள் வேக வைத்தார், வண்டி ஓட்டினார். தண்ணீர் கட்டும்போது மட்டும் முழங்கைக்குக் கீழே வரைக்கும் ஏற்றி இறுக்கிக்கொள்வார். முகப்பு பிளாஸ்டிக் கண்ணாடி, சீக்கிரம் கீறல் விழும். வருடத்துக்கு இரண்டு தடவை பற்பசை வைத்துத் துணியால் தேய்ப்பார், தெளிந்துவிடும். எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அந்த ஜனதா இன்னமும் ஓடுகிறது.

அதனால் நல்ல வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கலாமா என்றால், தாராளமாக இறங்குங்கள் என்பதே என் பதில். ஆனால் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பின்புறம் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழக் கிணற்றில் குதிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. அது அசையாத நீரின் அழுத்தத்துக்குப் பார்த்த கணக்கு. கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். 100 மீட்டரும், திருகி மூடுகிற சாவிக் குமிழும் இருந்தால் வாய்க்காலில் குளிக்கலாம். அதுவும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் நல்லா இருக்கிறவரைக்கும்தான். ரப்பர் வயதானால் இறுகிப்போகும், மோட்டார் வாஷர் மாதிரியே. உச்சி வெயிலில் காய்ந்த வாட்ச்சோடு சில்லென்ற கிணற்றுத் தண்ணீரில் கையை விட்டால், எங்காவது கசிவு இருந்தால் கண்ணாடிக்கு உள்ளே பனி படர்ந்து காட்டிக்கொடுக்கும்.

கீறலைப் பொறுத்தவரை, நம் மண்ணில் இருக்கும் மணல்தான் வில்லன். மணலின் குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7. விலையுயர்ந்த வாட்ச்சின் சஃபையர் கண்ணாடி 9, அதை மணல் ஒன்றும் செய்யாது. ஆனால் எஃகு மணலைவிட மென்மை, தங்கம் அதைவிட மென்மை. ஒரு போகம் களை எடுத்தால் கண்ணாடி பளபளக்கும், சுற்றியிருக்கும் உலோகம் பழைய ஈயப்பாத்திரம் மாதிரி ஆகிவிடும். சாணி, கோமியம், பஞ்சகவ்யம் எல்லாம் பட்டவுடன் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் எஃகுக்குப் பெரிய கெடுதல் இல்லை. தோல் வார் மட்டும் வேண்டவே வேண்டாம். வியர்வையும் பஞ்சகவ்யமும் சேர்ந்து ஊறினால் வீட்டில் சோறு போடமாட்டார்கள்.

கடப்பாரை, கோடாலி, பிரஷ் கட்டர் இவற்றின் அதிர்ச்சி சாவி வாட்ச்சுக்கு நல்லதில்லை. உள்ளே ஒரு சின்னச் சக்கரம் மயிரிழை மாதிரி ஊசியின்மேல் நின்று, மணிக்குப் பதினெட்டாயிரம் முதல் இருபத்தெட்டாயிரம் தடவைக்குமேல் ஆடிக்கொண்டிருக்கிறது. அதிர்வு தாங்க ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள் என்றாலும், மரம் பிளப்பதற்கு என்று வைக்கவில்லை. காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சுருள்வில் ஒட்டிக்கொண்டு வாட்ச் வேகமாக ஓடும். இது பெரிய நோய் இல்லை, வாட்ச் ரிப்பேர் கடையில் ஒரு நிமிடத்தில் சரிசெய்வார்கள்.

ஆபத்து என்று நான் சொல்வது இதையெல்லாம் அல்ல. வாட்ச்சுக்கு வரும் ஆபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், வாட்ச்சால் கைக்கு வரும் ஆபத்தைப் பற்றி நம் பயிற்சிகளில் யாரும் பேசுவதில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் தட்டு வெட்டும் மெஷினில் சோளத்தட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். தொளதொளவென்று கிடந்த ஸ்டீல் செயினில் ஒரு தட்டு மாட்டிக்கொண்டது. உருளை தட்டை இழுத்தது, தட்டு செயினை இழுத்தது, செயின் கையை இழுத்தது. மூன்று விரல்கள் போய்விட்டன. அந்த வாட்ச் சந்தையில் வாங்கிய முந்நூறு ரூபாய் வாட்ச். மெஷினுக்கு விலை தெரியாது. கதிரடிக்கும் மெஷின், பவர் டில்லர் பெல்ட், தேங்காய் மட்டை தூளாக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நல்ல வாட்ச் ஒரு விதத்தில் மோசம்கூட, ஏனென்றால் அதன் செயின் லேசில் அறாது. மோதிரம், கைக்காப்பு, கையில் கட்டிய கோவில் கயிறு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

மின்சாரமும் அப்படியே. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் பார்க்கிறவர் கையில் உலோக வார் இருக்கவே கூடாது. டிராக்டர் பேட்டரியை "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்று நினைக்கிறோம். ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஸ்பேனரால் முனையைக் கழற்றும்போது வாட்ச் செயின் குறுக்கே பட்டு இரண்டு பக்கமும் இணைந்துவிட்டால், அத்தனை மின்னோட்டமும் செயின் வழியாகப் பாயும். நொடியில் பழுக்கக் காய்ந்து மணிக்கட்டைச் சுற்றி வளையமாகச் சுட்டுவிடும். உதறினாலும் கழலாது.

இனி பணக் கணக்கு, அது என் பழைய தொழில். "வாட்ச் ஒரு முதலீடு சார்" என்று சில தம்பிகள் சொல்கிறார்கள். ஒரு சில மாடல்கள் கைமாறும்போது வாங்கின விலைக்கு மேல் போகின்றன, உண்மை. பெரும்பாலானவை கடை வாசலைத் தாண்டியதும் விலை இறங்குகின்றன. எங்கள் கிளையில் நகைக்கடனுக்கு அப்ரைசர் தங்கத்தை உரசி, எடை போட்டுக் கடன் தருவோம். வாட்ச்சை வைத்துக் கடன் கேட்டவரையும் நான் பார்த்ததில்லை, கொடுத்தவரையும் பார்த்ததில்லை. இன்னொன்று, முதலீடு என்றால் கீறல் விழக்கூடாது, கீறல் விழக்கூடாது என்றால் கட்டக்கூடாது. அப்புறம் அது வாட்ச் இல்லை, வட்டி வராத டெபாசிட். போதாக்குறைக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை பெரிய நகரத்துக்கு அனுப்பிப் பிரித்து எண்ணெய் போட்டுப் பூட்ட வேண்டும். அந்தச் செலவில் நம் ஓசூர் ஆலையில் செய்த நல்ல குவார்ட்ஸ் வாட்ச் இரண்டு மூன்று வாங்கலாம். பண்ணை தொடங்க இருக்கிறவர், கையில் காசு வைத்துக்கொண்டு இனிமேல்தான் வாங்கலாம் என்று யோசித்தால், வேண்டாம் என்றே சொல்வேன். அதே பணத்தில் வேலியும் கொட்டகையும் நாலு மாடும் வரும். ஏற்கெனவே கையில் இருந்தால் விற்கச் சொல்லமாட்டேன், கட்டிக்கொள்ளச் சொல்வேன்.

புதிதாக வாங்கித்தான் ஆகணும் என்கிறவருக்கு காசியோவின் ஜி-ஷாக் இருக்கிறது. கிக்குவோ இபே என்ற பொறியாளர், அப்பா கொடுத்த வாட்ச் கீழே விழுந்து சிதறியதைப் பார்த்தபின் செய்தது, 1983இல் வெளிவந்தது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக்கூடாது என்பதுதான் அவர் வைத்துக்கொண்ட இலக்கு. தென்னை ஏறுகிறவருக்கும் அது போதும். மும்முனை மின்சாரம் மாறி மாறி வருகிற ஊர்களில், வாய்க்கால் முறை பாசனத்தில், மணி பார்க்காமல் விவசாயம் பண்ண முடியாது. சேற்றுக் கையால் செல்போனை எடுப்பதைவிட மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பது எவ்வளவோ மேல். (இதயத் துடிப்பு ஏறிவிட்டது என்று மண்வெட்டியைப் பிடிக்கும்போதெல்லாம் கூவுகிற ஸ்மார்ட் வாட்ச்சைப் பற்றித் தனியாக எழுதணும்.)

கூலி ஆட்கள் முன்னால் விலையுயர்ந்த வாட்ச் கட்டுவது நியாயமா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் வயலில் நடவுக்கு வரும் பெண்களுக்கு எந்தக் கம்பெனி வாட்ச் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. "ஏனுங்கய்யா, மணி என்னங்க?" என்று மட்டும் கேட்பார்கள். அவர்கள் கவனிப்பது வேறு. கூலியை அன்றைக்கே தருகிறாரா, வரப்பில் நிற்கிறாரா, சேற்றில் இறங்குகிறாரா? இருநூறு ரூபாய் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, டீ குடிக்க உட்கார்ந்தவர்களை நிமிடம் எண்ணி எழுப்பிய பண்ணையார்களை எங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்றும் பெயர் சொல்லித் திட்டுவார்கள். காலையில் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவளிடம் மணியைக் காட்டியவர், சாயங்காலம் அரைமணி கூடுதலாகப் போனபோது அதே வாட்ச்சைப் பார்க்கவில்லை. எனக்கு அந்த வாட்ச்தான் கூச்சம் தருகிறது. பெங்களூர்த் தம்பியின் வாட்ச் அல்ல.

தம்பியிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். களை எடுங்க, நாத்து விடுங்க, சாணி கரைங்க, தாராளமா கட்டிக்குங்க. ஆனா ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னால் கழட்டிடுங்க. எங்கள் மோட்டார் ரூமில் தட்டு வெட்டும் மெஷின் ஸ்விட்சுக்கு நேர்மேலே ஒரு ஆணி அடித்து, அதற்குக் கீழே ஒரு டப்பாவும் வைத்திருக்கிறேன். ஆணி வாட்ச்சுக்கு, டப்பா மோதிரத்துக்கும் வளையலுக்கும். மெஷின் ஓடும்போது அந்த ஆணியில் என் வாட்ச்சும், மாடு பார்க்கிற பையனின் பிளாஸ்டிக் வாட்ச்சும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும். ஆணிக்கு ஆறு ரூபாய்கூட ஆகவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் நாளைக்கே ஒன்று அடித்துவிடுங்கள், ஸ்விட்சுக்கு மேலேயே, கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில்.