சாவோலை அல்ல, முன்னோலை!

"பாப் சோதனையில் முடிவு சரியில்லையாம்!" இச்சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கிறது? அழுகுரல் எழுகிறது, அண்டை வீட்டார் அறியாவண்ணம் அந்தத் தாள் அரிசிப் பானைக்கடியில் மறைகிறது. தாளோடு சேர்ந்து, மீண்டும் மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாளும் மறந்து போகிறது. தோழர்களே, ஆபத்து தொடங்குவது அங்கேதான்!

தாள் கூறுவதென்ன? கருப்பையின் வாயிலிருந்து வழித்தெடுத்த உயிரணுக்கள் சில, இயல்புக்கு மாறான உருவில் உள்ளன என்பதே. மாற்றம் இலேசானதெனில் பெரும்பாலும் தானே மறையும். மருத்துவர் சொல்லும் தவணையில் மறுபடி பார்த்தால் போதும். கடுமையானதெனில், உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாயைக் கண்டு, சிறு துண்டெடுத்து ஆய்ந்து, கெட்ட பகுதியை மட்டும் அகற்றுவார்கள். புற்றே தென்பட்டாலும், தொடக்கமெனில் குணமாக்க வழியுண்டு. தொற்று புற்றாக முற்றுதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு 5 முதல் 10. இத்தனை நீண்ட தவணை தந்து தாக்கும் பகைவன் வேறு எவன்?

கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்ந்த பாப்பனிகோலா, 1928இல் இம்முறையை எடுத்துரைத்தபோது செவிமடுத்தோர் சிலரே. 1943இல் டிராட் என்பாருடன் நூல் வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. ஆண்டுக்கணக்கில் தம் உடலிலிருந்தே மாதிரி தந்தவர் அவர் துணைவியார் ஆந்திரோமாக்கி. சோதனைக்குப் பெயர் மட்டும் கணவருடையது!

இனி, நா கூசும் செய்திக்கு வருவோம். இப்புற்றுக்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் கிருமி. அதன் 16, 18ஆம் வகைகளே 10 புற்றுகளில் 7க்குக் காரணம். அவற்றைப் புற்றுத் திசுவில் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்டு சூர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவால் பரவுவது என்று கேட்டதுமே, "இவள் நடத்தை எப்படி?" என்று கிளம்புகிறது ஒரு நீதிமன்றம்! மணவாழ்வு கண்ட ஆணும் பெண்ணும் பெரும்பாலோர் வாழ்வில் ஒருமுறையேனும் பெறும் தொற்று இது. பெரும்பாலோரிடம் ஈராண்டுக்குள் அடங்கியும் விடுகிறது. ஒருவனையன்றி வேறெவரையும் அறியாத மனைவிக்கும் வரும். கொண்டு வந்தவன் திண்ணையில் அமர்ந்து தீர்ப்புக் கூறுகிறான். நோயுற்றவள் குற்றவாளியாக நிற்கிறாள். இது என்ன நீதி?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,27,000க்கு மேற்பட்டோருக்குக் கருப்பை வாய்ப் புற்று. ஏறத்தாழ 80,000 சாவுகள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இச்சோதனை கண்டோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே! பெருமையா இது?

வழியில்லை என்று சொல்லாதீர். திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில், பயிற்சி பெற்ற செவிலியர் புளிக்காடி தடவிப் பார்த்த எளிய சோதனை, சாவை நூற்றுக்கு 35 பங்கு குறைத்ததென 2007இல் ஆய்வு வெளிவந்தது. மராட்டியத்தின் உஸ்மானாபாத்தில், ஒரே ஒருமுறை செய்த ஹெச்.பி.வி. சோதனை சாவை ஏறத்தாழப் பாதியாக்கியது 2009இல் வெளியாயிற்று.

ஆகவே கிளைக் கூட்டத்தில் கேளுங்கள்: நம் ஊரில் 30 வயது கடந்த எத்தனை பேர் சோதனைக்குச் சென்றனர்? முடிவு சரியில்லை என வந்தவரின் பெயரேடு சுகாதார நிலையத்தில் உண்டா? அவர்களை மீண்டும் அழைத்தது யார்? உருப்பெருக்கிக் கருவி எந்த மருத்துவமனையில் உள்ளது, பேருந்துக் கட்டணம் எவ்வளவு? 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்குத் தடுப்பூசி எங்கே போடுகின்றனர்? விடையைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். உடன் உங்கள் இல்லத்தரசியாரையும் அழைத்து வாருங்கள்.