நவம்பர் தேர்வுக்கு மே மாதமே தயாராக வேண்டும்

ஐஐஎம்களில் எம்பிஏ சேர்வதற்கான கேட் நுழைவுத் தேர்வு, வழக்கமாக நவம்பர் கடைசி வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. ஆகஸ்டில் விண்ணப்பித்துவிட்டு அதன் பிறகு படிக்கத் தொடங்குபவர்கள் ஏராளம். நான்கு மாதம் கையில் இருப்பதாக ஒரு கணக்கு. தமிழ்நாட்டின் இறுதியாண்டு மாணவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

வளாக நேர்காணல், இன்டர்னல் தேர்வு, புராஜெக்ட் என்று ஆகஸ்டும் செப்டம்பரும் கரைந்துவிடும். அப்புறம் தீபாவளி. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. கேட் நவம்பர் 26. அதை ஒட்டியே செமஸ்டர் தேர்வுகளும் வந்து நிற்கும்.

எதை முதலில் படிப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. பொறியியல் மாணவர்கள் பலர் பழகிய கணக்கிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் சதவீதம், விகிதம், வடிவியல் எல்லாம் பள்ளியில் படித்தவைதான். சில வாரங்களில் தூசு தட்டிவிடலாம். ஆங்கில வாசிப்பு அப்படியல்ல. மொத்தத் தேர்வு 2 மணி நேரம், 3 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றை முடித்துவிட்டு முன்கூட்டியே அடுத்ததற்குத் தாவ முடியாது. 2024-இல் முதலில் வந்த ஆங்கிலப் பகுதியில் 24 கேள்விகள். அவற்றில் 16, நான்கு பத்திகளிலிருந்து கேட்கப்பட்டவை. ஒரு பத்தியைப் படித்து அதன் நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்ல ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. தமிழ்வழியில் பள்ளி முடித்தவருக்கு அந்த வேகம் மாதக்கணக்கில் வாசித்தால்தான் கைவரும். மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறைதான் அதற்குச் சரியான காலம். தினம் ஒரு மணி நேரம், பொருளாதாரமோ தத்துவமோ, பழக்கமில்லாத துறையில் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரை படித்தாலே போதும். கணக்கை ஜூலையில் தொடலாம்.

செப்டம்பர் முதல் ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு எழுத வேண்டும். காலை 8.30, மதியம் 12.30, மாலை 4.30 என மூன்று வேளைகளில் கேட் நடக்கிறது. எந்த வேளை என்பது ஹால் டிக்கெட் வந்தால்தான் தெரியும். நள்ளிரவில் மட்டுமே படித்துப் பழகியவர், காலை வேளை கிடைத்தால் திணறிப்போவார். மாதிரித் தேர்வையும் வேளை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பது நல்லது.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: கேட் தேதி பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்படுகிறது. அந்த ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமையும் மறுநாள் திங்களும் இன்டர்னல் தேர்வு வைக்காதீர்கள்.