குடிவழி தேடுவோர்க்கு

குடிவரலாறு எழுத விரும்பும் மாணாக்கர் என்பால் வரின், முதலில் வீட்டுப் பெட்டகத்தைத் திறக்கச் சொல்வேன். பலரும் தந்தைவழியையே தேடுகின்றனர், அது குறையுடைத்து. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை முதுசத்தையும் சீதனத்தையும் வேறு பிரித்தது. ஆதலின், சீதன உறுதிகளை வரிசைப்படுத்தினால் தாய்வழி தானே புலப்படும். நாற்பாலெல்லையில் வரும் பெயர்களையும் விடாதீர்கள்; அவருள் உறவினரும் இருப்பர். சாதகவோலையின் ஆண்டுப்பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீள்வதாகலின், உறுதியின் திகதியோடு ஒப்புநோக்குக. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு பின்னரே வேண்டப்படும்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏடுகளும் எரிந்தன; 1995 இடப்பெயர்விலும் பல வீட்டேடுகள் போயின. எஞ்சியிருப்பது பாட்டியின் நினைவு. இன்றே குறிப்பேட்டுடன் அவரருகே அமருங்கள். உறுதிக்குப் படியெடுக்கலாம், பாட்டிக்குப் படியில்லை.